மரம் நீரைக் குடிக்கும்

மரம் நீரில் மிதக்கும். ஆகவே, மரத்தால் செய்த படகுக்கு நீரால் கேடில்லை என்று எண்ணுவோர் பலர். மிதப்பது வேறு, நனையாமல் இருப்பது வேறு. உயிரோடு நின்ற காலத்தில், வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றும் நுண்குழாய்களின் கட்டாகவே மரத்தின் தண்டு இருந்தது. அறுத்துப் பலகையாக்கிய பின்னும் அக்குழாய்கள் மறைவதில்லை. நீர் பட்டால் மீண்டும் உறிஞ்சும். குறிப்பாக, குழாய்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுனைகள், பலகையின் அகன்ற பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக நீரை இழுக்கும்.

உறிஞ்சிய நீரால் மரம் உப்புகிறது. ஆனால், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக உப்புவதில்லை. நீளவாக்கில் அது நீள்வது மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் விரியும். மரத்தில் உள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டும்வரை இந்த விரிவு தொடரும். அதற்கு மேல் புகும் நீர் எடையை மட்டுமே கூட்டும்.

மரத்தின் இக்குணத்தைத் தமக்குத் துணையாக்கிக் கொண்டவர்கள் மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கிறார்கள். கோலத் திரங்கானு நகரை ஒட்டி, ஆற்று முகத்துவாரத்தில் அமைந்துள்ளது டூயோங் தீவு. அங்குள்ள மரபுத் தச்சர்கள் வரைபடம் இல்லாமலேயே பெரிய மரக்கலங்களைக் கட்டிப் பெயர் பெற்றவர்கள். முதலில் செங்கால் மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிக்கூட்டை எழுப்புவார்கள். உள்ளே விலாச்சட்டங்களைப் பொருத்துவது அதன் பிறகுதான். பலகைகளை இணைப்பதற்கு இரும்பு ஆணிக்குப் பதில் மர முளைகள். இரு பலகைகள் சேரும் விளிம்பில் கெலாம் மரத்தின் பட்டையை வைத்து, மேற்பலகையை அடித்து இறுக்குவார்கள். தாள் தாளாக உரியும் மெல்லிய பட்டை அது. கலம் நீரில் இறங்கியதும் பட்டையும் பலகையும் உப்பி ஒன்றையொன்று நெருக்கும். இடுக்கு தானே அடைபடும். உள்ளே வர முயன்ற நீரே கதவைச் சாத்திவிடுகிறது! சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரம் இம்மரத்தின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இவ்வழியை மாதிரிப் படகு செய்யும் மாணவர் பின்பற்றலாமா? இயலாது. டூயோங் தச்சரின் பலகை தடிமனானது. கனமான முளைகளால் பிணைக்கப்பட்டது. மாதிரிப் படகின் பலகையோ இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அது பெரும்பாலும் பால்சா போன்ற இலேசான மரம். பசையால் ஒட்டப்பட்ட அத்தகைய பலகை உப்பினால் விரிவதற்கு இடம் இராது. அது வளைந்து நெளியும். ஒட்டிய இடம் பிளக்கும். சாதாரண வெள்ளைப் பசையாக இருந்தால் ஈரத்தில் இளகியும் போகும். பல மாத உழைப்பில் உருவான படகு குளத்தில் முதல் நாள் அழகாக ஓடும். சில வாரங்களில் ஒரு பக்கம் சாயத் தொடங்கும். மின்கலமும் மோட்டாரும் நனைந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஆகவே, பெரிய கலத்தில் வரவேற்கப்படும் நீரை மாதிரிப் படகின் மரத்தில் ஒரு துளிகூடப் படாமல் தடுக்க வேண்டியிருக்கிறது.

வெளிப்புறத்தில் பளபளப்பாக வண்ணம் பூசி, உட்புறத்தை வெறும் மரமாக விட்டுவிடுவது பலரும் செய்வது. மேல்தளத்தில் தெறிக்கும் நீர் உள்ளே வடிந்து தேங்கினால், பூச்சில்லாத பக்கம் அதைக் குடித்து உப்பும். பூசிய பக்கம் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் விரிந்த பலகை முறுக்கிக்கொள்ளும். வெளிப்பூச்சிலும் வெடிப்பு விழும். எனவே, மேல்தளத்தை மூடுவதற்கு முன்பே உட்புறம் முழுவதும் பூசிவிட வேண்டும். வெட்டுமுனைகளுக்கு இரண்டு மூன்று முறை கூடுதலாகப் பூசுவது நல்லது.

இதற்கு ஏற்றது எபோக்சிப் பிசின். பிசினையும் கெட்டியாக்கியையும் புட்டியில் குறித்துள்ள விகிதத்தில் கலக்க வேண்டும். கண்மதிப்பில் கலந்தால் அது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம் என்பதால் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பூச வேண்டும். பூசும் நேரமும் முக்கியம். காலை வெயிலில் மரம் சூடேறும்போது அதனுள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். ஈரமான பூச்சில் குமிழிகள் எழும். மாலையில் மரம் குளிரும்போது காற்று சுருங்குவதால், பிசின் நுண்துளைகளுக்குள் இழுக்கப்படும். நம் வெப்ப நாட்டில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

முதல் பூச்சு காய்ந்ததும் மரத்தின் நார்கள் முள்போல் எழுந்து நிற்கும். மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த பூச்சைப் பூசலாம். எபோக்சி வெயிலில் நாளடைவில் சிதையும். அதன்மேல் வண்ணமோ, வெயிலைத் தாங்கும் வார்னிசோ பூசுவது அவசியம்.

இத்தனை செய்தும் ஒழுகும் படகுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் குற்றம் பலகையில் இராது. சுக்கானின் தண்டும் மோட்டாரின் சுழல்தண்டும் செல்லும் துளைகளில்தான் இருக்கும். பூசி முடித்த பிறகு துளையிட்டால் புதிய வெட்டுமுனை திறந்துகொள்கிறது. துளையின் உட்சுவரையும் பிசினால் நனைத்து, குழாயைப் பொருத்திய பின் அதனுள் கெட்டியான மசகை நிரப்ப வேண்டும்.

குளத்துக்குக் கொண்டுபோகும் முன் வீட்டுத் தொட்டியிலேயே சோதித்துவிடலாம். படகை எடைபோட்டு, உள்ளே மெல்லிய தாள்களை விரித்து, ஒரு மணி நேரம் மிதக்கவிட வேண்டும். நனைந்த தாள் ஒழுகும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தாள் உலர்ந்திருந்தும், வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுக்கும்போது எடை கூடியிருந்தால், மரம் எங்கோ குடித்திருக்கிறது என்று பொருள். அப்படகை நிழலில் சில நாள்கள் நன்றாக உலரவிட்டு, பூச்சு விடுபட்ட இடத்தைத் தேடிப் பூச வேண்டும்.