நெல்லின் பின்னாலேயே போ

அன்புள்ள கயல்விழி,

நீ அனுப்பிய கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். நெல், கோதுமை உற்பத்தி எப்படி ஏறியது என்று ஆண்டுவாரியாகப் படம் போட்டிருக்கிறாய். 1960-களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்துக் கிடந்த நாடு இன்று அரிசி ஏற்றுமதியில் உலகில் முதலிடம் என்பதெல்லாம் சரிதான். அதற்கு அடுத்த வரியிலேயே, நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு உறுதியாகிவிட்டது என்று முடித்துவிட்டாயே, அங்கேதான் எனக்கும் உனக்கும் வழக்கு.

தானியம் இருந்தும் மக்கள் செத்ததற்கு 1943 வங்காளத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். ஏறத்தாழ 30 லட்சம் பேர். சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த அமர்த்தியா சென், 1981-ல் வெளிவந்த தம் நூலில் அந்த ஆண்டுக் கணக்கை எடுத்து அலசினார். அவர் கணக்குப்படி, வங்காளத்தில் அப்போது இருந்த தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே வராத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். போர்ச் செலவால் விலை எகிறியது, கூலி எகிறவில்லை. கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு மலிவு விலையில் தானியம் கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலியும் மீனவரும் அதே கல்கத்தாவின் தெருக்களில் வந்து விழுந்தார்கள். சென்னின் கணக்கை மறுப்பவர்களும் உண்டு, அவர்களையும் படித்துவிடு.

1996-ல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு வகுத்த விளக்கத்தை நான் இப்படிச் சுருக்கிக்கொள்வேன்: உணவு இருக்கிறதா, கைக்கு எட்டுகிறதா, உடம்பில் ஒட்டுகிறதா, நாளைக்கும் நிற்குமா? உன் படங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கின்றன. அதுவும் அரைகுறையாக.

ஏன் அரைகுறை என்கிறேன் தெரியுமா? அக்டோபர் மாதம் மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரை நாள் நின்று பார். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால், குறுவை நெல் அறுப்பு சரியாக வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போடுகிறார், 20 காட்டுகிறது. அவ்வளவுதான். குவியலைத் திரும்பத் தார்ச்சாலையில் பரப்பி, காலால் கிளறிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இரவு மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய். நாலைந்து நாள் அப்படியே மூடிக் கிடந்தால் அடியில் இருக்கும் நெல் முளைவிட்டுவிடும். சில ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து பார்த்த பிறகு வரம்பைத் தளர்த்துவார்கள். அதுவரை பொறுக்க முடியாதவர், கடன்காரருக்குப் பயந்து, வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார். காய்ந்து தேறிய நெல்தான் 40 கிலோ சிப்பமாகி, அரவைக்குப் போய், ரேஷன் கடைக்கு அரிசியாக வருகிறது. உன் படத்திலோ இத்தனையும் ஒரே கோடு. உலர்களமும் கூரைபோட்ட கிடங்கும் இல்லாத ஊரில் விளைச்சல் மட்டும் கூடினால், சாலையில் நனையும் நெல்தான் கூடும்.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பசியை விரட்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இலவசம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்: ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டிலேயே நான்கில் ஒரு குழந்தை. சோறு இருக்கிறது; பருப்பும் முட்டையும் கீரையும் போதவில்லை. சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கில் போய்விடுகிறது. உலகிலும் இதே கதைதான். 2024-ல் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடி. சத்தான சாப்பாடு வாங்க வசதியில்லாதவர்கள் 260 கோடி என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

நாளைக்கும் நிற்குமா என்ற நான்காவது கேள்விக்கு இலங்கையைப் பார். அரிசியில் ஏறக்குறைய தன் காலில் நின்ற நாடு. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக்கு இயற்கை வேளாண்மை என்று பெயர் வைத்தார்கள் என்பது என் எண்ணம். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகப் பயிர் வயலில் இறங்கியிருந்தது. விளைச்சல் சரிந்து, அரிசிக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியதாயிற்று. 2022-ல் தமிழ்நாட்டிலிருந்தும் அரிசியும் பால்மாவும் கப்பலேறின. இயற்கை உரத்தை நான் பழிக்கவில்லை. மண் பழகுவதற்கு வருடங்கள் வேண்டும். அரசிதழுக்கு ஒரு நாள் போதும்.

இதே கேள்வி நமக்கும் உண்டு. 2023 ஜூலையில் இந்தியா, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. உள்ளூர் விலையை அடக்கச் செய்ததுதான், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நம்முடையது. நாம் கதவைச் சாத்தினால் மேற்கு ஆப்பிரிக்காவில் உலை கொதிப்பது கடினம். அப்படி நாம் சேர்த்து வைக்கும் அரிசியில் கணிசமான பங்கு எங்கிருந்து வருகிறது? பஞ்சாபின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து. அங்கே நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகிறது. இதை உன் கட்டுரையில் ஒரு தனிப் பகுதியாக எழுது. இங்கே இடம் போதாது.

அடுத்த வாரம் உங்கள் ஊரில் வீடுவீடாகக் கேட்கப் போகிறாய் அல்லவா? மாதத் தொடக்கத்தில் போகாதே, ரேஷன் அரிசி வந்த கையோடு எல்லா வீட்டிலும் நிலைமை நன்றாகத்தான் இருக்கும். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் போ. எத்தனை மூட்டை விளைந்தது என்று ஆண்களிடம் கேட்டுக்கொள். நேற்று இரவு யார் கடைசியாகச் சாப்பிட்டது, அப்போது குழம்பில் என்ன மிச்சம் இருந்தது என்று மட்டும் அந்த வீட்டு அம்மாவைத் தனியாகக் கேள். பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா