அறைத்தோழர் பாதியில் போனால்...

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வருவோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுப்பது வழக்கம். நான் தங்கிய அறையிலும் நால்வர், வாடகை ரூ.6,000. "படிக்கிற பையன், நீயே கையெழுத்துப் போடு தம்பி" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன், பெருமையோடு போட்டேன். ஆர்டர் குறைந்ததும் ஓர் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் முழு வாடகையையும் என்னிடமே கேட்டார்.

கேட்டது சரிதான், ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. அண்ணன் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட பங்கை அவரிடம் நான் கேட்கலாம். நிரூபிக்கத் துண்டுச்சீட்டுகூட இல்லை!

நால்வரும் கையெழுத்திட்டிருந்தால்? வேறுவிதமாக எழுதியிராதபோது, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவுப்படி, அப்போதும் உரிமையாளர் எவரேனும் ஒருவரிடம் முழுத் தொகையும் கேட்கலாம். ஆனால் கொடுத்தவர் மற்றவர்களிடம் தலைக்கு ரூ.1,500 பெறலாம். ஒருவர் கொடுக்கத் தவறினால் அந்த ரூ.1,500-ஐ மீதி மூவரும் ரூ.500 வீதம் ஏற்க வேண்டும். நான் கட்டியதோ முழு ரூ.1,500.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அதில் யார் யார் பெயர் இருக்கவேண்டும் என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். இவ்வாண்டு எங்கள் ஒப்பந்தத்தில் நான்கு பெயர்கள். போகிறவர் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லவேண்டும்; அவருடைய அட்வான்ஸ் பங்கைப் புதிதாக வருபவர் தருவார் என்று தனித்தாளிலும் எழுதிக்கொண்டோம்.