டிஸ்கோ அடியில் அரபுச் சுரம் பிழைக்குமா?

கேள்வி: பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். என் பேரன் ‘ஆசிட் அரப்’ என்ற குழுவின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினான். அடி என்னவோ டிஸ்கோ. மெட்டு சில இடங்களில் அப்படியே மாயாமாளவகௌளை! இது என் பிரமையா? பழைய அரபு மெட்டுக்குக் கீழே ஒரு பீட்டைப் போட்டால் இந்த இசை வந்துவிடுமா, இல்லை இதில் வேறு வித்தை உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பிரமை இல்லை. நம் ராகத்தைப் போல அரபு இசைக்கு மகாம். அவற்றில் ஹிஜாஸ்-கார் என்ற மகாமின் ஏழு சுரங்களும், நீங்கள் சரளி வரிசைக்கு எடுத்துக்கொள்ளும் மாயாமாளவகௌளையின் சுரங்களும் ஒன்றே. அதன் உறவான ஹிஜாஸ், வகுளாபரணத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் பிடிப்பு வேறு. பழைய பாணிக்காரர்கள் ஹிஜாஸின் இரண்டாம் சுரத்தைச் சற்றே ஏற்றியும் மூன்றாவதைச் சற்றே இறக்கியும் பாடுவார்கள்.

ஆசிட் அரப் பாரிஸ்காரர்களின் குழு. கீடோ மினிஸ்கி, எர்வே கார்வாலோ என்ற இரண்டு டிஜேக்கள் தொடங்கியது. 2012-இல் துனிசியாவின் ஜெர்பா தீவில் நடந்த இசை விழாவுக்குப் போய்வந்த பிறகு இருவரும் இந்த வழியில் இறங்கினார்கள். பின்னால் இன்னும் மூவர் சேர்ந்தார்கள்; அல்ஜீரியரான கீபோர்டு கலைஞர் கென்ஸி பூராஸ் அவர்களில் ஒருவர்.

பீட்டைப் போட்டால் போதுமா என்கிறீர்கள். தாளத்தைப் பொறுத்தவரை, கிட்டத்தட்டப் போதும். டிஸ்கோவின் வாரிசான ஹவுஸ் இசையில் நாலு எண்ணிக்கைக்கும் கிக் டிரம் சமமாக விழும். அரபு நாடுகளில் அதிகம் புழங்கும் மக்ஸூம் தாளமும் நாலு எண்ணிக்கைதான். தர்புக்கா என்ற கைமுரசில் அதை ‘தும் தெக் – தெக் தும் – தெக் –’ என்று வாசிப்பார்கள். தும் என்பது தோலின் நடுவில் விழும் கனத்த அடி. தெக் விளிம்பில் விழும் சுரீரென்ற அடி. இரண்டு தும்மும் முதல், மூன்றாம் எண்ணிக்கையில் கிக் டிரம்மோடு சேர்ந்து விழும். தெக் பெரும்பாலும் இடைவெளிகளில் புகுந்து விளையாடும். சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் கல்யாண வீடுகளில் கைகோத்து நின்று தரையை உதைத்து ஆடும் தப்கேக்காரர்களுக்கு இந்த அடி ஒன்றும் அந்நியமில்லை.

சிக்கல் சுரத்தில்தான். ராஸ்ட் என்ற மகாமின் மூன்றாம் சுரம், நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். பயாத்தி மகாமின் இரண்டாம் சுரம், சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவில். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில், பியானோவை உள்ளே விடலாமா என்பதே பெரிய வாக்குவாதமாயிற்று.

இன்று அரபுச் சந்தைக்கென்று வரும் கீபோர்டுகளில் இதற்கு வழி இருக்கிறது. ஓர் ஆக்டேவின் பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு சின்னப் பொத்தான்கள். எந்தச் சுரத்தின் பொத்தானை அமுக்குகிறோமோ, அந்தச் சுரம் அரை ஸ்தானம் இறங்கும். பாட்டின் நடுவில் மகாம் மாறும்போது, ஒரு கையில் மெட்டு ஓட, மறு கை பொத்தானைத் தட்டிவிடும். சிரியாவின் ரிசான் சயீத் இதில் கைதேர்ந்தவர். பாடகர் ஒமர் சுலைமானுக்குப் பல காலம் வாசித்தவர். ஆசிட் அரப்பின் முதல் ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார்.

குழுவின் பெயரிலுள்ள ‘ஆசிட்’, ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற பேஸ் கருவியின் வழி வந்தது. தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்குத் துணையாகச் செய்யப்பட்ட அந்தக் கருவி சந்தையில் எடுபடவில்லை. 1987-இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதன் திருகுகளைக் கண்டபடி திருகி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற பதிவை வெளியிட, ஆசிட் ஹவுஸ் பிறந்தது. அந்தக் கருவிக்குச் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கத் தெரியும், நம் ஜாருவைப் போல. தப்கேக்கு வாசிக்கும் மிஜ்விஸ், இரண்டு நாணல் குழல்களைச் சேர்த்துக் கட்டிய வாத்தியம். வாசிப்பவர் மூச்சை விடாமல் சுழற்றி ஊதுவதால் ஓசை அறுபடாமல் கரகரக்கும். 303-இன் கரகரப்பும் இதுவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

தொடங்கிய இருவரும் அரபிகள் அல்லர். ‘அடுத்தவர் சொத்தை எடுத்து விற்கிறார்களா?’ என்ற கேள்வி நியாயமானது. ஹிஜாஸில் நாலு சுரத்தைத் தூவிவிட்டு ‘கிழக்கத்திய வாசனை’ என்று விற்பவர்கள் நிறைய உண்டு. இவர்கள் அந்த ரகமில்லை என்பதே என் தீர்ப்பு. 2016-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘மியூசிக் த ஃப்ரான்ஸ்’, அதாவது பிரான்ஸின் இசை, என்று பெயர் வைத்தார்கள். ராய் என்ற அல்ஜீரிய இசையைப் பாடும் சோஃபியான் சயீதியும் பாடகர் ரஷீத் தாஹாவும் அதில் வெட்டி ஒட்டிய ஒலித்துணுக்குகளாக வரவில்லை. தங்கள் பெயரோடு முழுப் பாட்டையே பாடுகிறார்கள்.

இயந்திரத்தை ஐரோப்பியர் கொண்டுவந்து அரபு இசைக்குக் கொடுத்ததாகவும் நினைக்க வேண்டாம். எகிப்தியரான ஹலீம் எல்-தப் 1944-லேயே கெய்ரோவில் ஸார் என்ற பேயோட்டும் சடங்கின் பாட்டைக் கம்பிப் பதிவுக் கருவியில் பிடித்து, ஸ்டுடியோவில் அதன் ஒலியை மாற்றி மின்னணு இசை செய்தவர்.

எங்கே தொடங்கலாம்? ஆசிட் அரப்பின் ‘லா ஹஃப்லா’வை முதலில் கேளுங்கள், பாடுபவர் சயீதி. பிறகு ஹைஃபாவைச் சேர்ந்த பாலஸ்தீன இரட்டையர் ‘ஸெனோபியா’. நாஸர் ஹலாஹ்லியும் இஸாம் எலியாஸும் 2020-இல் வெளியிட்ட ‘ஹலக் ஹலக்’ ஆல்பத்தில் தப்கே துள்ளல் இன்னும் நேரடியாகக் கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள்: இவற்றைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸும் காணாமல் போகும், தர்புக்காவின் தும்மும் காணாமல் போகும். பேரனிடம் நல்ல ஹெட்போனாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.