வெண்திரையும் உபாத்தியாயரும்

வியாழக்கிழமைகளில் குழந்தை யேசு ஆலயத்துக்கு வந்து போகும் ஜனத்திரளால் பெங்களூர் விவேக் நகர் வீதிகள் ஊர்ந்து நகர்வதே வழக்கம்; அப்படியொரு சாயங்காலம் ஆட்டோவில் அகப்பட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த நண்பர் ஒரு பள்ளிக்கூடத்து மதிலில் தொங்கிய பதாகையைச் சுட்டிக்காட்டி, "எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு போட்டுவிட்டார்களாம், இனி வாத்தியார் சும்மா நின்றால் போதும்" என்றார். அவர் பரிகாசமாகச் சொன்னாரா, மனப்பூர்வமாகச் சொன்னாரா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெற்றோரும் நிர்வாகிகளும், சில சமயம் உபாத்தியாயர்களே கூட, இந்த விஷயத்தில் கொண்டிருக்கும் நம்பிக்கைகள் பலவற்றுக்கு அந்த வாக்கியமே வித்து என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாதனம் வந்துவிட்டால் போதனை தானே நடக்கும் என்பது அவற்றில் மூத்த நம்பிக்கை. 1913-ஆம் ஆண்டிலேயே தாமஸ் எடிசன், சலனப்படம் வந்துவிட்டபடியால் பள்ளிக்கூடங்களில் புத்தகங்களுக்கு இனி அதிக காலம் வேலையில்லை என்று ஜோசியம் சொல்லிவிட்டார். நம் தேசத்து அனுபவமோ வேறு. 2000-ஆம் ஆண்டில் குஜராத் அரசு வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலா நான்கு கம்ப்யூட்டர்களை அனுப்பிவைத்தது; இரண்டு வருஷம் கழித்து விசாரித்துப் பார்த்தபோது, பாடம் நடத்த அவற்றை உபயோகித்த பள்ளிகள் மிகச் சிலவே. பிறகு பிரதம் என்ற தொண்டு நிறுவனம், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்தி, நான்காம் வகுப்புக் குழந்தைகளை ஒரு கம்ப்யூட்டருக்கு இருவராக உட்காரவைத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளைக் கொடுத்தபோது, அவர்களுடைய கணக்கு மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களோடு செய்து 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. பெட்டி பெரும்பாலும் பழைய பெட்டிதான். புதிதாக வந்தவை தகுந்த மென்பொருளும், அருகில் நிற்க ஓர் ஆளும்.

வயதான உபாத்தியாயர்கள் இயந்திரத்தைக் கண்டால் பயப்படுகிறார்கள், பழமைப்பற்றால் மறுக்கிறார்கள் என்பது அடுத்த நம்பிக்கை. இதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அந்த யுக்தியைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது, அவருடைய உபாத்தியாயர்கள் அதை ஏற்கவில்லை. அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கொண்டே சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சென்னை முறை, 1797-இல் அவர் எழுதிய புத்தகத்தின் வழியே இங்கிலாந்தில் பரவியதற்குப் பூர்வாங்கம் இதுதான். ஆனால் மறுப்பு என்று நாம் பெயரிடுவதை, வகுப்பறைக்குள் போய்ச் சமீபத்தில் நின்று பார்த்தால், அதற்கு வேறு பெயர் இருப்பது தெரியும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில் அதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். ஓய்வு பெறச் சில வருஷங்களே மீதியிருந்த அந்தக் கணக்கு உபாத்தியாயினி, காய்கறிக்காரருக்குப் போனில் பணம் அனுப்புகிறவர். வாட்ஸ்அப்பில் பேரனின் படங்களை நாள் தவறாமல் பகிர்கிறவர். அவர் வகுப்பில் புரொஜெக்டரோடு இணைத்த ஸ்மார்ட் போர்டு, லேஸ் வைத்துத் தைத்த துணி உறையால் போர்த்தப்பட்டு, கல்யாணப் பெண்ணைப் போல் முகம் மறைத்து நின்றது. காரணம் கேட்டேன். உறையை விலக்கிப் பேனாவைத் திரையில் வைத்தார். அவர் தொட்ட இடத்தில் கோடு விழாமல் நான்கு விரற்கடை தள்ளி விழுந்தது. "முக்கோணம் போட்டால் மூலை சேராது, சார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நாற்பது நிமிஷத்தில் பத்து நிமிஷம் இதற்கே போனால் பாடத்தை யார் முடிப்பது?" என்றார்.

விஷயம் அற்பமானது. இவ்வகைப் பலகையில், பேனா தொடும் புள்ளிக்கும் திரையில் தெரியும் பிம்பத்துக்கும் உள்ள பொருத்தம் ஒரு முறை கணித்து வைக்கப்படுகிறது. விசிறிக் காற்றில் அசைந்தோ, ஒட்டடை அடிக்கும்போது கோல் பட்டோ புரொஜெக்டர் சிறிது நகர்ந்துவிட்டால், கணிப்பு பழையபடியே இருக்க, பிம்பம் மட்டும் இடம் பெயர்ந்துவிடுகிறது. திரையில் வரிசையாகத் தோன்றும் கூட்டல் குறிகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டால் சரியாகிவிடும். ஒரு நிமிஷ வேலை. மாட்டிவிட்டுப் போன ஆள் அதைச் சொல்லவில்லை; பயிற்சி நடந்த அன்று பலகை புதிதாக இருந்தபடியால் அந்தக் கேள்வி யாருக்கும் எழவுமில்லை. அந்த அம்மையாருக்கு இருந்தது பயமல்ல, கணக்கு: ஐம்பது குழந்தைகளின் முன்னிலையில் நிச்சயமில்லாத ஒரு பொருளை நம்புவதைவிட, முப்பது வருஷமாக ஒருநாளும் கைவிடாத சாக்கட்டியை நம்புவது விவேகம் என்ற கணக்கு.

ஒரு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் வழங்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நிர்வாகிகள் நினைப்பதும் இதோடு சேர்ந்ததே. 1980-களிலேயே அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர், சொற்பொழிவாலும் செய்துகாட்டலாலும் கற்றது வகுப்பறை வரைக்கும் வந்து சேருவது அபூர்வம், சக உபாத்தியாயர் ஒருவர் பின்னால் வந்து உடனிருந்து துணைசெய்யும்போதுதான் அது பழக்கமாகிறது என்று வற்புறுத்தினார்கள். சைக்கிள் கற்றுக்கொண்ட எவருக்கும் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை என்பது வேறு.

கம்பெனி ஆள் பார்த்துக்கொள்வார் என்ற ஆறுதலும் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் 2001-இல் மாஹிதி சிந்து என்ற திட்டத்தில் 1,000 உயர்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்த ஆள் கம்ப்யூட்டர் அறையின் சாவியை வைத்திருக்கும் ஏற்பாட்டில், பள்ளியின் சொந்த உபாத்தியாயர் அந்த அறைக்கு விருந்தாளியாகிவிடுகிறார். ஒப்பந்தம் முடிந்த நாளில் சாவி மட்டும் மிஞ்சுகிறது, வித்தை போய்விடுகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் தொடங்கிய கேரளத்து ஐடி அட் ஸ்கூல் திட்டம் மறுதிசையில் நடந்தது: உபாத்தியாயர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்றுநராக்கி, கட்டற்ற மென்பொருளைக் கொடுத்து, பாடம் நடத்துகிறவரே இயந்திரத்தையும் நடத்துமாறு செய்தது. அது 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறி, 45,000 வகுப்பறைகளுக்குச் சாதனங்களைக் கொண்டுபோன போது, அவற்றைத் தொடத் தெரிந்தவர்கள் முன்னமே உள்ளே இருந்தார்கள். கர்நாடகமும் பிற்பாடு, 2011 முதல், பெங்களூரில் உள்ள ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பின் துணையோடு அரசு உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர்களை இந்த வழியில் பழக்கியது. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்து, வடிவம் எப்படிக் கோணினாலும் மூன்று கோணங்களின் கூட்டு 180 பாகையாகவே நிற்பதைக் காட்டக் கற்ற ஒருவர், அடுத்த பள்ளிக்காரரின் சந்தேகத்தைத் தாமே தீர்த்துவைக்க முடிந்தது.

பையன்களுக்கே எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கைக்குப் பதிலாக ஒரு வரி போதும்: வீடியோவைத் திறப்பது அவர்களுக்குத் தெரியும், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பது தெரியாது.

நான் சொன்ன பள்ளியிலும் கம்ப்யூட்டர் டீச்சர் என்று ஓர் இளம்பெண் இருந்தாள். அவளைப் போய்க் கேட்கக் கூடாதா என்று வினவினேன். மாணவர் விவரங்களை அரசின் சாட்ஸ் தளத்தில் ஏற்றுவதும், கட்டண ரசீது அச்சடிப்பதும், ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி பார்ப்பதுமாக அவளுக்கு மூச்சு விடவும் பொழுதில்லை என்று தெரிந்தது. லட்ச ரூபாய்க் கணக்கில் பலகைகளுக்குச் செலவிட்ட நிர்வாகத்துக்கு, வாரத்தில் இரண்டு பீரியட் அவளை விடுவிப்பது மட்டும் ஊதாரித்தனமாகத் தோன்றியிருக்கிறது. நான் போயிருந்த அன்று எப்படியோ ஒரு பீரியட் ஓய்வாக வாய்த்தது. பின்வரிசைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள், ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூத்தவரின் கையிலேயே கொடுத்து, "அக்கா, அந்தக் கூட்டல் குறியை நீங்களே தொடுங்கள்" என்றாள். கடைசிக் குறியைத் தொட்டதும் கோடு கையோடு வந்தது, மூலை சேர்ந்தது. அம்மையார் உறையை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, முக்கோணத்தைத் திரையில் வரைந்து, நிரூபணத்தை வழக்கம்போல் பக்கத்துக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதினார். மணி அடித்து நாங்கள் வராந்தாவுக்கு வந்தபோது, அவர் அடுத்த வகுப்பின் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏம்மா, உன் போர்டிலும் கோடு தள்ளி விழுகிறதா? மத்தியானம் வா, காட்டுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.