புதிய கோழியைப் புதிய கூட்டிற்குப் பழக்குதல்

நிலத்தை விட்டு வந்தாலும் விவசாயக் குடும்பத்தின் கை சும்மா இருப்பதில்லை. யுத்தத்தினாலும் மண்சரிவினாலும் ஊரை இழந்தவர்களும், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் தும்பறைப் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து சென்றவர்களும், புதிய இடத்தில் வீட்டுக்குப் பின்னால் எதையாவது நட்டும் வளர்த்துமே மீண்டும் கால் ஊன்றினார்கள். வயல் இல்லாதவர்களுக்கு நாலைந்து கோழிகள் நல்ல தொடக்கமாகும். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிஞ்சுவதை விற்றால் கொப்பிக்கும் பென்சிலுக்கும் காசு வரும்.

ஆனால் வாங்கி வந்த முதல் இரண்டு வாரங்களில்தான் பல கோழிகள் கைவிட்டுப் போகின்றன. சில ஓடிவிடுகின்றன, சில நோயில் விழுகின்றன, சிலவற்றை “இது முட்டையிடாத கோழி” என்று நாமே அறுத்துவிடுகிறோம். புதிய இடத்திற்குக் கோழியைப் பழக்கும் முறை தெரிந்தால் இந்த நட்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அம்முறையை இப்பாடத்தில் படிப்போம்.

1. கோழி ஏன் மிரளுகிறது?

வீட்டுக்கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அது பகலில் தரையைக் கிளறி மேயும். பொழுது சாய்ந்ததும் பழகிய கிளையில் ஏறி உறங்கும். வீட்டுக்கோழியிடமும் இப்பழக்கம் மாறவில்லை. இரவில் உறங்கும் இடமே அதற்கு வீடு. அந்த இடத்தை நாம் மாற்றும்போது அது கலங்குகிறது, தீனி குறைகிறது, முட்டை நின்றுபோகிறது. இது நோயல்ல. ஓரிரு வாரங்கள் பொறுத்தால் பெரும்பாலான பேடுகள் மீண்டும் முட்டையிடும். ஆகவே அவசரப்பட்டுக் கத்தியை எடுக்க வேண்டாம்.

2. கூடு முதலில், கோழி பிறகு

கோழியை வாங்கிய பின் கூடு தேடுவது தவறு. ஐந்து கோழிகள் இரவில் தங்குவதற்கு நாலடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கூடு போதும். மஹய்யாவ போல வீடுகள் நெருங்கிய இடத்தில், முற்றமில்லாமல் பகலிலும் அடைத்தே வளர்ப்பதானால், கோழி ஒன்றுக்கு நாலு சதுர அடியாவது வேண்டும். அதாவது ஐந்து கோழிகளுக்கு ஐந்தடிக்கு நாலடி. இடம் அதற்கும் போதாவிட்டால் கோழிகளைக் குறையுங்கள், நெருக்கி அடைக்காதீர்கள்.

கூட்டை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்துங்கள். கீரி, மரநாய், எலி, பாம்பு நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். உறங்குவதற்கு வழவழப்பான தடி ஒன்றைக் குறுக்கே வையுங்கள். கோழிக்கு எட்டு அங்குலம் என்று கணக்கிட்டால் ஐந்துக்கு நாற்பது அங்குலம் வேண்டும். முட்டையிட ஓர் அடிப் பெட்டியொன்றில் வைக்கோல் பரப்பி இருட்டான மூலையில் வையுங்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் மழைக்கால இரவுகள் குளிரும். காற்று அடிக்கும் பக்கத்தைச் சாக்கினால் மறையுங்கள். ஆனால் எல்லாப் பக்கத்தையும் மூடினால் எச்சத்தின் நெடி உள்ளே தங்கிச் சளி பிடிக்கும்.

3. கொண்டுவரும் நாள்

கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிவர வேண்டாம். துளையிட்ட காட்போட் பெட்டியில், வெயில் தாழ்ந்த பின் கொண்டுவாருங்கள். விற்பவரிடம் என்ன தீனி கொடுத்தார், எந்தத் தடுப்பூசி எப்போது போட்டார் என்று கேளுங்கள். அவர் கொடுத்த தீனியில் நாலு நாளுக்கு வேண்டியதை வாங்கி வந்து, உங்கள் தீனியுடன் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீனி. இருட்டியதும் கோழியை மெல்லத் தூக்கித் தடியில் இருத்துங்கள். இருட்டில் அது மிரளாது.

4. முதல் ஏழு நாட்கள்

இந்த நாட்களில் கூட்டைத் திறந்து விடாதீர்கள். நாய் அருகே வரக்கூடாது. பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொஞ்ச ஆசையாக இருக்கும். இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே குரலில் அழைத்துத் தீனி வைக்கட்டும். அந்தக் குரல்தான் பின்னர் கோழியைக் கூட்டிற்குத் திருப்பிக் கொண்டுவரும்.

முட்டையிடும் பேடு ஒன்றுக்கு நாளுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் தீனியும், கால் லீற்றர் தண்ணீரும் வேண்டும். அரிசிக் குருணல், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, முருங்கை இலை, காய வைத்து நொறுக்கிய முட்டைக்கோது ஆகியவற்றைக் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த தீனி வேண்டாம். பட்டர்புரூட் இலையும் தோலும் பறவைகளுக்கு நஞ்சு. தண்ணீரைத் தினமும் மாற்றிப் பாத்திரத்தை உரசிக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு பெருகவும் அது இடம்கொடாது.

5. வெளியே விடுதல்

எட்டாம் நாள், பொழுது சாய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, மாலைத் தீனி வைக்காமல் கதவைத் திறவுங்கள். பசியும் இருட்டும் சேர்ந்து கோழியைத் திருப்பி அனுப்பும். வழக்கமான குரலில் அழைத்து உள்ளே தீனி வையுங்கள். அடுத்த நாட்களில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

6. பழைய கோழிகள் இருந்தால்

உடனே ஒன்றாக அடைக்காதீர்கள். நோயை அறிவதற்காக மூன்று வாரம் தனிக்கூட்டில் வையுங்கள். அதுவரை பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுப் புதியவற்றிடம் செல்லுங்கள். பின்னர் சில நாட்கள் வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கவிட்டு, ஓர் இரவில் சேர்த்து விடுங்கள். கோழிகளிடையே மூப்பு வரிசை ஒன்று உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. நோர்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப் எபே 1920களின் தொடக்கத்தில் இதை எழுதிக் காட்டினார். சிறு சண்டை இயல்பு. இரத்தம் வந்தால் மட்டும் பிரித்து வையுங்கள். தீனிப் பாத்திரத்தை இரண்டு இடங்களில் வைத்தால் சண்டை குறையும்.

7. நோய்

எமது கோழிகளை மொத்தமாக அழிப்பது ராணிக்கெட் நோய். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் அறியப்பட்ட அதே நோய்தான் இந்தியாவின் ராணிக்கெட் நகரின் பெயரால் எம்மிடையே வழங்குகிறது. பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியன அறிகுறிகள். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. அதைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். ஒரு குப்பி பல கோழிகளுக்குப் போதும் என்பதால், அயலிலுள்ள குடும்பங்கள் ஒரே நாளில் சேர்ந்து போடுவது சிக்கனம். உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். இறந்த கோழியை ஓடையில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

8. அயலவரும் கோழியும்

புதிய இடத்தில் அயலவரின் நல்லெண்ணம் பெரிய சொத்து. நகர எல்லைக்குள் கோழி வளர்க்கும் விதிகளை முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிந்துகொள்ளுங்கள். முட்டைக்கு மட்டும் வளர்ப்பவர்களுக்குச் சேவல் தேவையில்லை. விடிகாலைக் கூவலால் வரும் மனஸ்தாபமும் இராது. எச்சத்தை நாள்தோறும் கூட்டி, காய்ந்த இலையுடன் குவித்து மூடி மக்கவிட்டால் ஈயும் நெடியும் குறையும். பின் அது கத்தரிக்கும் மிளகாய்க்கும் பசளையாகும். முதல் முட்டைகளில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

அ. எமது வீட்டில் உள்ள இடத்திற்கு எத்தனை கோழிகள் பொருந்தும்? அளந்து சொல்லுங்கள்.
ஆ. எமது வரிசையில் எத்தனை குடும்பங்கள் சேர்ந்தால் தடுப்பூசி போடலாம்? யார் போய்க் கேட்பது?
இ. கோழி முட்டையிடாதிருப்பதற்கு இடமாற்றம் காரணமா, நோய் காரணமா என்பதை எவ்வாறு வேறுபடுத்துவீர்கள்?