வியாழனிலிருந்து வரும் இரைச்சல்

அன்புள்ள வாசகருக்கு,

'காற்றில்லாத விண்வெளியில் வியாழனின் ஓசையை எப்படிப் பதிவு செய்ய முடியும்? ஏமாற்று வேலையா?' என்று எழுதியிருந்தீர்கள். ஏமாற்று இல்லை. அங்கிருந்து வருவது ரேடியோ அலை. வீட்டு ரேடியோ அலையைப் பாட்டாக்கித் தருவதுபோல, இதையும் ஒலியாக்கிக் கேட்கிறோம்.

1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், வயல்வெளியில் கம்பிகள் கட்டி, 22.2 மெகாஹெர்ட்ஸில் நண்டு நெபுலாவைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும். பதிவுத் தாளில் அவ்வப்போது ஓர் இரைச்சல் எழுந்தது. இரவில் பண்ணைக்குத் திரும்பும் ஏதோ வண்டியின் எஞ்சின் பொறியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அது விண்மீன்களைப் போலவே நாளுக்கு ஏறத்தாழ நாலு நிமிடம் முந்தி வந்தது. வாரங்கள் போகப்போக, விண்மீன்களிடையே வியாழன் நகர்ந்த அளவுக்கு அதுவும் நகர்ந்தது. செய்தி கேட்ட ரேடியோ வானியலாளர் ஷெயின் ஆஸ்திரேலியாவில் தன் 1950-51 பதிவுகளைத் தேடி எடுத்தார். அவற்றிலும் வியாழன் இருந்தது. யாருக்கும் தெரியாமல் இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும்.

அலை பிறப்பது காந்தப்புலத்தில். புலக்கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலெக்ட்ரான்கள், புலத்தின் வலிமையில் ஒரு காஸுக்கு (காந்தப்புல அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் அலை வீசுகின்றன. வியாழனின் இந்த இரைச்சல் 40 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நின்றுவிடுகிறது. வகுத்துப் பாருங்கள்: சுமார் 14 காஸ். நம் பூமியின் தரையில் அரை காஸ்தான். விண்கலம் எதுவும் போகாமல், ஓர் எண் இவ்வளவு சொல்கிறது!

இதில் அயோவுக்கும் பங்குண்டு. 42 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து வியாழனைச் சுற்றும் எரிமலை நிலவு அது. குறிப்பிட்ட சில இடங்களுக்கு அது வரும்போது இரைச்சல் வலுப்பதை 1964இல் கீத் பிக் காட்டினார். காந்தப்புலத்தின் ஊடே அயோ போகும்போது கிளம்பும் பெரும் மின்னோட்டமே காரணம்.

நீங்களும் கேட்கலாம். ஏழு மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி ஆன்டெனாவாக்கி, சிற்றலை ரேடியோவை 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். வியாழன் உச்சியில் நிற்கும் பின்னிரவுகளே நல்லது. எல்லா இரவும் கேட்காது. கடலலைபோல் ஏறி இறங்கும், அல்லது சோளப்பொரிபோல் படபடக்கும். சந்தேகமாக இருந்தாலும் ஒதுக்காமல், நாளையும் நேரத்தையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.