மூன்று மணி நேரத்துக்குள் வந்தால்

அன்புள்ள கண்மணிக்கு,

உங்கள் கல்லூரியின் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரும் பார்வையற்ற மாணவி ஒருவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள், கடைசி நூறு மீட்டர் மட்டும் அவர்களை வரச்சொல்லிக் கைதட்டி அனுப்பிவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். அதற்குச் சம்மதிக்காதே, அம்மா.

1975இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொள்ள பாப் ஹால் என்பவர் அனுமதி கேட்டார். சிறு வயதிலேயே போலியோ தாக்கியவர். சக்கர நாற்காலியில்தான் வர முடியும். மூன்று மணி நேரத்துக்குள் வந்தால் மற்றவர்களுக்குத் தரும் அதே சான்றிதழ் உங்களுக்கும் உண்டு என்றார் போட்டி இயக்குநர் வில் குளோனி. 42.195 கிலோமீட்டரையும் ஹால் 2 மணி 58 நிமிடத்தில் கடந்தார். சான்றிதழை உழைத்தே வாங்கினார். ஆனால் எல்லா ஊரிலும் கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. நியூயார்க் மாரத்தானில் சக்கர நாற்காலிக்கு முறையான பிரிவு வர 2000 ஆயிற்று.

ஒருவர் ஓடினால் அது எங்கெங்கோ போய்ச் சேரும். 1976இல் டிக் டிராம் என்பவர் செயற்கைக் காலுடன் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்தார். அந்தச் செய்தியை, புற்றுநோயால் காலை இழக்கவிருந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற 18 வயதுக் கனடா இளைஞர், அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் படித்தார். 1980இல் அவரே செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார்.

இனி நீ செய்ய வேண்டியவை. முதலில் அந்த இருவரிடமும் என்ன தேவை என்று நேரில் கேள். பாதையை அவர்களோடு ஒருமுறை சுற்றி வா. வேகத்தடை, ஜல்லி, சாக்கடை மூடி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். சக்கர நாற்காலியைச் சில நிமிடம் முன்னதாகப் புறப்பட விடு. இது சலுகை இல்லை, பாதுகாப்பு. பந்தய நாற்காலியின் வேகம் அப்படி: 2024இல் பாஸ்டன் மாரத்தானில் மார்செல் ஹுக் என்ற சக்கர நாற்காலி வீரர் 1 மணி 15 நிமிடம் 33 விநாடியில் வந்தார், அன்று காலால் ஓடி வென்றவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பார்வையற்ற மாணவிக்கு அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் துணை ஓட்டக்காரர் வேண்டும். இருவர் கையிலும் ஒரு சிறு கயிறு இருக்கும். துணையாள் இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. திருப்பம், மேடு, தண்ணீர்ப் பந்தல் வருவதை முன்கூட்டியே வாயால் சொல்ல வேண்டும். சில வாரம் சேர்ந்து பழகினால்தான் காலடி ஒத்துவரும். உலகப் போட்டிகளில் துணையாள் வீரருக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதியை உங்கள் ஓட்டத்திலும் வைத்துக்கொள்.

இருவரும் முழுத் தூரம் வரட்டும். நேரத்தைக் குறித்துக்கொள். பாதியில் நின்றால், மற்றவர்களுக்கு எழுதுவதுபோல் முடிக்கவில்லை என்றே எழுது. முடித்தால் தருவதற்கு, சான்றிதழ் அச்சுக்குப் போகும்போதே அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா